கிழியாமல் வந்த கம்பளி

என் இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்காது. ஓசூர் ஃபாக்டரியில் மெஷினில் மாட்டிக்கொண்டதால் அப்படி ஆயிற்று என்றுதான் பிள்ளைகள் நீங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரியவள் பள்ளிக்கூடத்தில் அதைக் கட்டுரையாகவே எழுதிவிட்டாள். நான் திருத்தவில்லை. உண்மையில் நான் ஃபாக்டரிக்குள் நுழைந்த அன்றைக்கே அந்த விரல்கள் மடங்காது. அதனால்தான் மெஷினில் நிறுத்தாமல் என்னை ஸ்டோரில் உட்காரவைத்தார்கள்.

விரல்கள் போனது மெட்ராஸ் கடலில். பல நாட்டுக்காரர்கள் வந்து கலந்துகொண்ட பாய்மரப் படகுப் போட்டியில். மத்திகிரிப் பக்கத்தில் பிறந்தவனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லைதான். இருபத்தைந்து வயதுவரை நான் கடலைப் பார்த்ததே இல்லை. பட்டாளத்தில் சேர்ந்து, பெங்களூரில் பாலம் கட்டுகிற பிரிவில் என்னைப் போட்டார்கள். பாலம் கட்டப் படகு வேண்டும். படகு ஓட்டத் தெரிந்தவர்களைப் பொறுக்கி எடுத்து, ஏரியில் பாய்மரப் படகும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். பட்டாளத்தில் ஹாக்கி டீம், கால்பந்து டீம் மாதிரி படகுக்கும் ஒரு டீம் இருந்தது. அதில் நான் சுக்கான் பிடிக்கிறவன்.

இரண்டு பேர் ஓட்டுகிற படகு அது. பின்னால் இருப்பவன் சுக்கானையும் பெரிய பாயையும் பார்த்துக்கொள்வான். முன்னால் இருப்பவன் சின்னப் பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காற்று பாயை அழுத்தும்போது படகு சாயாமல் இருக்க, எதிர்ப்பக்கம் உடம்பை வெளியே தொங்கவிட வேண்டும். கால்களைப் பட்டையில் மாட்டிக்கொண்டு, முதுகு தண்ணீரைத் தொடுகிற அளவுக்குச் சாய்வான். அவன் எவ்வளவு கனமோ அவ்வளவுக்குப் படகு நிமிர்ந்து ஓடும்.

என் ஜோடி ஒல்லி. பெயர் எழுத மனசு வரவில்லை. சூளகிரிக்கு மேற்கே, பஸ்ஸைவிட்டு இறங்கி நாலு மைல் நடக்க வேண்டிய ஊர் அவனுடையது. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என்னிடம் தமிழ், கடைக்காரனிடம் கன்னடம், கோபம் வந்தால் மூன்றும். என்னைவிட மூன்று வயது சின்னவன். "ணா, ணா" என்று கூப்பிடுவான். காற்று எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரியும். எப்படி என்று கேட்டால், ராகி தூற்றி வளர்ந்தவனுக்கு அதுகூடத் தெரியாதா என்பான்.

அவனுக்கு ஒரு அண்ணன் இருந்தான். அவனும் பட்டாளம். சீனாக்காரனோடு நடந்த சண்டையில் மலைமேல் போனவன் திரும்பவில்லை. உடம்பும் வரவில்லை. தந்தி ஒன்றும் பெட்டி ஒன்றும் வந்தன. அப்பா அதற்கு முன்பே இல்லை. வீட்டில் அம்மா மட்டும். இவன் அப்போதே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டிருந்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வருஷம் எங்கள் கம்பெனியை வடக்கே அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதே மலைக்கு. படகு டீமில் இருப்பவர்களை மட்டும் அனுப்பமாட்டார்கள். டீம் இருக்கிற வரைக்கும் பெங்களூர்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் மத்தியானம் அம்மா கையால் களி தின்றுவிட்டுச் சாயந்திரம் திரும்பிவிடலாம். அவன் அம்மாவுக்கு அவன் கொடுத்திருந்த வாக்கு அது ஒன்றுதான். "நான் மலைக்குப் போகமாட்டேன்மா, நான் படகுக்காரன்" என்று சொல்லி வைத்திருந்தான். அந்த அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

பெங்களூர் ஏரி சின்னது. திரும்பினால் கரை. அதனால் மெட்ராஸ் போட்டிக்கு ஆள் எடுப்பதற்கு முன்னால், கேப்டன் படகுகளை லாரியில் ஏற்றிக் கிருஷ்ணகிரி அணைக்குக் கொண்டுவந்தார். அணைக்கரையில் கூடாரம் போட்டு ஏழு வாரம் இருந்தோம். ஐப்பசி மழையில் அணை நிறைந்திருந்தது. மலைகளுக்கு நடுவே காற்று திடீர் திடீரென்று இறங்கும். கேப்டன் வடநாட்டுக்காரர். நல்ல மனுஷன், கண்டிப்பான மனுஷன். முதல் வாரத்திலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கடல் காற்றுக்கு உன் ஜோடி தாங்கமாட்டான், கனம் போதாது, மாற்றிவிடலாமா என்றார். வேறொருவன் தயாராக இருந்தான், மலையாளத்துக்காரன், கதவு மாதிரி உடம்பு.

நான் பத்து நாள் தவணை கேட்டேன்.

முதலில் எடை எவ்வளவு என்று பார்த்துவிடுவோம் என்று கிருஷ்ணகிரியில் ஒரு புளி மண்டிக்குப் போனோம். மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி உட்கார்ந்தான். மண்டிக்காரர் படிக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தார்.

"என்னாப்பா, பட்டாளத்துல சோறு போடறதில்லியா? ஒரு மூட்டப் புளிக்குக் கூட தேறமாட்டேங்கிறியே."

"புளி ஊறினா கனம் ஏறும்ணா. இருங்க, ஊறிட்டு வரேன்" என்றான் இவன்.

மண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி நடக்கும்போது அவன் சிரிக்கவில்லை. நின்று, "ணா, ஊறினா நெசமாலும் கனம் ஏறும் இல்ல?" என்றான்.

அவன் சொன்னது கம்பளியை. அவர்கள் பக்கம் ஆடு வளர்க்கிறவர்கள் நெய்கிற கறுப்புக் கம்பளி. அதைப் பார்த்திருப்பீர்கள், தொட்டால் முள்ளு மாதிரி குத்தும். மழையில் நனைந்துவிட்டால் தூக்கிக் காயப்போட இரண்டு ஆள் வேண்டும். அதை உடுப்பு மாதிரி உடம்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் முக்கி எடுத்தால் கனம் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. ஈரத் துணி போட்டுக்கொள்வது போட்டியில் தப்பில்லை. வெள்ளைக்காரர்களும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு நனைத்துக்கொள்வார்கள் என்று கேப்டனே ஒருமுறை சொல்லியிருந்தார். எங்களுக்கு ஏது அத்தனை ஸ்வெட்டர்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்குப் போனோம். அந்த அம்மா கொத்தமல்லியைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரே ஒரு கம்பளி. மூத்த மகன் காட்டுக் காவலுக்குப் போர்த்திக்கொண்டு போனது. கேட்டதும் அவர் எங்களுக்குக் களி போட்டார். நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் எழுந்துபோய் அதை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இத வெட்டுவீங்களா?"

வெட்டமாட்டோம், மடித்துத் தைப்போம், தைப்பது நான்தான் என்றேன். படகுப் பாய்களுக்குத் தையல் போட்டுப் போட்டு எனக்கு அதில் கை பழகியிருந்தது.

"தலய எப்படி வுடறது?" என்றார். அதை நாங்கள் யோசிக்கவில்லை. அந்தக் கம்பளி இரண்டு பட்டையாக நெய்து நடுவில் சேர்த்துத் தைத்தது. அவரே அந்த நடுத் தையலில் ஒரு சாண் அளவுக்கு நூலை உருவி, தலை நுழைகிற மாதிரி வாய் திறந்து கொடுத்தார். கம்பளியில் ஒரு இழைகூடப் போகவில்லை. மகன் தலையில் மாட்டிப் பார்த்தார். முன்னும் பின்னும் தொங்கியது. "உங்கண்ணன் மாதிரியே கீற நைனா" என்று அவனிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"கிழியாம கொண்டாந்து குடுத்துடுங்க தம்பி. அவனுதுன்னு இது ஒண்ணுதான் எங்கிட்ட கீது."

சரிம்மா என்றேன்.

காவேரிப்பட்டினத்தில் ஒரு கோணி ஊசி வாங்கினேன். நூல் எங்களிடமே இருந்தது, பாய் தைக்கிற மெழுகு நூல். முதலில் இரண்டு பக்கமும் நாடா வைத்து முடிச்சுப் போட்டுப் பார்த்தோம். அவன் வெளியே சாய்ந்ததும் ஈரக் கம்பளி சரிந்து முழங்காலுக்கு வந்துவிட்டது. கொக்கி வைத்தோம், கொக்கி பிய்த்துக்கொண்டது. கடைசியில், தொங்குகிற நுனிகளை மேலே மடித்து இரட்டையாக்கி, அவன் உடம்பில் போட்டபடியே, அக்குளிலிருந்து இடுப்புவரை இரண்டு பக்கமும் இறுக்கித் தைத்துவிட்டேன். ஓட்டம் முடிந்ததும் பிளேடால் தையலை அறுத்துக் கழற்றுவது, மறுநாள் காலையில் திரும்பத் தைப்பது. கோணியைத் தைக்கிற மாதிரி உன்னைத் தைக்கிறான் என்று டீம் முழுக்க அவனைக் கிண்டல் செய்தது. அவன் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பான். கூச்சம் தாங்காமல் நெளிவான். "கையத் தூக்குடா, நல்லாத் தூக்கு" என்று நான் அதட்டுவேன். தினம் காலையில் அதுதான் எங்கள் ஜெபம் மாதிரி.

நனைத்து மறுபடியும் மண்டிக்குப் போனோம். ஒன்பது கிலோ ஏறியிருந்தது. மண்டி முழுக்கத் தண்ணீர் சொட்டியது. மண்டிக்காரர் புளி நனையுமென்று கத்திக்கொண்டே நிறுத்துக் கொடுத்தார்.

இனி எழுதப்போவதைக் கவனித்துப் படியுங்கள். நாங்கள் முட்டாள்தனமாக இறங்கவில்லை. கம்பளியோடு கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தோம். கேப்டன் சொல்லித்தான் பார்த்தோம். அணையில் வேண்டுமென்றே மூன்று முறை படகைக் கவிழ்த்தோம். மூன்று முறையும் அவன் தண்ணீருக்குள் போய், எழுந்து நின்று, கையை ஆட்டினான். நின்றான் என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். அணை நிறைந்திருந்தாலும் நாங்கள் ஓட்டிய மேல்கரைப் பக்கம் நெஞ்சளவு தண்ணீர்தான். கீழே சேறு. அவன் கால் சேற்றில் ஊன்றியது. எங்கள் இரண்டு பேருக்கும், கரையிலிருந்து பார்த்த கேப்டனுக்கும், அது பெரிய விஷயமாகப் படவில்லை. கம்பளி ஒன்றும் செய்யாது என்று எழுதிக்கொண்டார். கடலில் கால் ஊன்ற இடம் இருக்காது என்பது சின்னக் குழந்தைக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். இருந்தும் அந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மிதக்கிற உடுப்பு ஒன்று கொடுத்திருந்தார்கள், இலவம்பஞ்சு அடைத்தது. கம்பளிக்குமேல் அது ஏறவில்லை. படகில் இருந்தால் போதும், போட்டுக்கொள்வது அவரவர் இஷ்டம் என்றிருந்த காலம். அதைப் படகின் முன்பக்கப் பலகைக்கு அடியில் செருகிவைத்தோம்.

அணையில் நடந்த தேர்வில் எல்லாரையும் நாங்கள் முந்தினோம். மலையாளத்துக்காரன் வந்து அவன் கையைக் குலுக்கிவிட்டு, "உன் ஆட்டுக்குத்தான் இந்தக் கை" என்று கம்பளியையும் பிடித்துக் குலுக்கினான். டீமில் இடம் கிடைக்காததால் அவன் கம்பெனியோடு வடக்கே போக வேண்டியவன் ஆனான். போய், பத்திரமாகத் திரும்பியும் வந்தான். பிறகு எனக்குக் கடிதம்கூடப் போட்டான்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு மெட்ராஸ் போனேன். அந்தக் கடலை நாங்கள் இரண்டு பேரும் முதல்முறையாகச் சேர்ந்து பார்த்தோம். அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எதிர்க்கரை காணோமேணா" என்றான்.

ஏழு நாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். சிலோன்காரர்கள் மட்டும் எங்களோடு தமிழில் பேசினார்கள். மற்றவர்களின் படகுகள் கண்ணாடி மாதிரி இருந்தன. எங்களுடையது லாரியில் வந்து பலகை உலர்ந்து கசிந்தது. அதற்கு மெழுகும் தாரும் அடைத்தோம். முதல் நாள் காலையில் ஷெட்டில் நான் அவனைத் தைத்துக்கொண்டிருந்தபோது வெள்ளைக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிவந்த முடிக்காரர் ஒருவர் கம்பளியைத் தொட்டுப் பார்த்தார். தையலை விரலால் இழுத்துப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார். எங்களுக்கு விளங்கவில்லை. உடனே அவர் தன் உடம்பில் இருந்த ஸ்வெட்டர்களைக் காட்டினார். நெஞ்சின் நடுவே ஒரு கயிறு. அதன் நுனியைச் சுண்டினார். நாலு ஸ்வெட்டரும் முன்பக்கம் விரிந்து தோளிலிருந்து கீழே விழுந்தன. வெறும் உடம்போடு நின்றார். திரும்ப மாட்டிக்கொண்டு, திரும்பச் சுண்டினார். மூன்று முறை செய்தார். எங்கள் ஆட்கள் கைதட்டிச் சிரித்தார்கள். வெள்ளைக்காரன் ஏதோ வித்தை காட்டுகிறான் என்று நினைத்தோம். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தையும் இவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் மூன்று நாள் கடல் எங்களுக்கு அனுகூலமாகத்தான் இருந்தது. முதல் நாள் ஏழாவதாக வந்தோம். இரண்டாம் நாள் மூன்றாவதாக. மூன்றாம் நாள் சிவந்த முடிக்காரர் படகையே முந்தி இரண்டாவதாக வந்தோம். கேப்டனும் ஒரு படகு ஓட்டினார். அவர் எங்களுக்குப் பின்னால். அன்று கரைக்கு வந்ததும் அவர் இவன் முதுகில் தட்டி, இன்னும் ஒரு ஓட்டம் இப்படி ஓட்டுங்கள், டீம் இன்னும் இரண்டு வருஷம் பெங்களூரில்தான், நான் பொறுப்பு என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவன் அன்றைக்கே ஒரு கார்டு வாங்கி அம்மாவுக்கு எழுதினான். படிக்கத் தெரியாதவர், பக்கத்து வீட்டு வாத்தியார் படித்துச் சொல்வார். கார்டு போய்ச் சேர்ந்தது என்று பின்னால் தெரிந்தது.

நாலாவது நாள் காலையிலிருந்தே காற்று. அலைமேல் நுரை. போட்டியை நிறுத்திவிடுவார்களோ என்று பேசிக்கொண்டார்கள். இவன்தான், நிறுத்தக் கூடாது, நமக்குக் கம்பளி இருக்கிறது, இந்தக் காற்று நமக்காகவே அடிக்கிறது என்றான். நான் அன்று வழக்கத்தைவிட நெருக்கமாகத் தையல் போட்டேன். நூலை இரட்டையாகப் போட்டேன்.

போகிற வழியைக் குறிக்கக் கடலில் போட்டிருந்த மிதவைகளில் இரண்டாவதுவரை நாங்கள் முதல் நாலு படகுக்குள் இருந்தோம். அவன் வெளியே சாய்ந்து கிடந்தான். ஒவ்வொரு அலையும் அவன்மேல் ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் தலையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். மிதவையைச் சுற்றிப் படகைத் திருப்பும்போது பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசி அடிக்கும். அந்த நொடியில் இருவரும் பக்கம் மாற வேண்டும். அணையில் ஆயிரம் முறை செய்தது. அங்கே தண்ணீர் சமமாக இருக்கும். இங்கே திரும்புகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு அலை படகைத் தூக்கிவிட்டது. நான் சுக்கானை அரை நொடி முன்னால் திருப்பிவிட்டேன். அது என் தப்பு, அவன் தப்பு இல்லை.

கவிழ்ந்தது. பக்கவாட்டில் கிடக்காமல், அலை புரட்டியதில் தலைகீழாகப் போய்விட்டது. பாய்மரம் நேர் கீழே. மிதக்கிற உடுப்பும் அதற்கடியில். அவன் என்னோடு பக்கத்திலேயே மேலே வந்தான். இருமினான். படகின் அடிப்பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். நான் அடிப்பக்கத்தில் ஏறி, அங்கே துருத்தி நின்ற நடுப்பலகையைப் பிடித்துக்கொண்டு, அவனை இழுத்தேன். தண்ணீருக்குள் இருக்கும்வரை கம்பளியின் கனம் தெரியாது. நெஞ்சு வெளியே வந்ததும் ஒன்பது கிலோவும் வந்துவிடும். பாதி ஏறுவான், அலை வந்து இழுத்துக்கொண்டு போகும். மறுபடியும் பாதி. ஐந்தாறு முறை. பிறகு அவனால் கையை மடக்க முடியவில்லை. உதவிப் படகு ஒன்று தெரிந்தது. அது தூரத்து மிதவைக்குப் பக்கத்தில் கவிழ்ந்த இன்னொரு படகை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. போய், திரும்பி வர வேண்டும்.

நான் தண்ணீரில் இறங்கினேன். இடுப்புக் கயிற்றில் கத்தி இருந்தது. அதை எடுத்ததும் அவன் பார்த்தான்.

"கம்பளிய வெட்டாதணா. தையல மட்டும்."

அப்போதுகூடவா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானும் வாக்குக் கொடுத்தவன் இல்லையா? கம்பளியின் கழுத்து வாயில் கத்தியைக் கொடுத்து ஒரே இழுப்பாகக் கிழித்திருந்தால் அவன் அந்த நொடியே வெளியே வந்திருப்பான். நான் தையலைத் தேடினேன். ஈரக் கம்பளியில், தண்ணீருக்கடியில், நெருக்கமாக நானே இரட்டை நூலில் போட்ட தையல். இடது கையால் தடவிப் பார்த்துப் பார்த்து வலது கையால் அறுத்தேன். இடுப்பிலிருந்து மேலே வந்தேன். அலை தூக்கிப் போட்டபோது கத்தி என் விரல்களுக்குள் போனது. அப்போது வலிக்கவில்லை. அக்குளுக்குக் கீழே கடைசி நாலு விரல்கடைத் தையல் மீதி. அவன் கை படகின் விளிம்பைப் பிடித்திருந்ததால் கம்பளி அங்கே மடிந்து கிடந்தது, கத்தி நுழையவில்லை.

"கையத் தூக்குடா" என்றேன்.

அவன் தூக்கினான். தினம் காலையில் சொல்கிற வார்த்தை. யோசிக்காமல் தூக்கினான்.

நான் அறுத்துவிட்டேன். அதே நேரத்தில் அலை வந்தது. கம்பளி என் கையில் இருந்தது. அவன் அதிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டான். கம்பளி போனதும் மிதப்பான், நீந்துவான் என்று நினைத்தேன். கிணற்றில் மணிக்கணக்காக நீந்துகிறவன்தான். ஆனால் அவன் உடம்பில் அப்போது ஒன்றும் மிச்சமில்லை. ஒருமுறை தலை தெரிந்தது, என் கைக்கு இரண்டு ஆள் நீளம் தள்ளி. மறுபடியும் தெரியவில்லை. உதவிப் படகு வந்து என்னைத் தூக்கியபோது நான் கம்பளியை விடவில்லையாம். விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம்.

மூன்றாம் நாள் வடக்கே ஒரு குப்பத்துக் கரையில் மீன்காரர்கள் அவனைக் கண்டெடுத்தார்கள். ஊருக்கு எடுத்துப்போகிற நிலையில் இல்லை. மெட்ராஸிலேயே தகனம் செய்தார்கள். அந்த அம்மாவுக்கு இரண்டாவது மகனும் உடம்பாகத் திரும்பவில்லை.

கேப்டன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் தைத்தது, சுக்கானை முன்னால் திருப்பியது, கையைத் தூக்கச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நீ மட்டும் இல்லை, நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் என்றார். பிறகு, அந்தத் தாயிடம் அலை என்று மட்டும் சொல், அதற்கு மேல் தெரிந்து அவர் என்ன செய்யப்போகிறார் என்றார். அது உத்தரவா, கெஞ்சலா என்று எனக்குத் தெரியவில்லை.

விரல்கள் இப்படி ஆனதால் என்னைப் பட்டாளத்திலிருந்து விடுவித்தார்கள். கம்பெனி வடக்கே போனது. நான் போகவில்லை. அவன் எதற்காக அந்தக் கம்பளியைப் போட்டுக்கொண்டானோ, அது எனக்குக் கிடைத்தது.

கையில் கட்டோடு, ஒரு ஹவில்தாரோடு, அஸ்தியும் பெட்டியும் கம்பளியும் எடுத்துக்கொண்டு சூளகிரியில் இறங்கினேன். அதற்கு முன்பே தந்தி போயிருந்தது. அந்த அம்மா அழுது ஓய்ந்திருந்தார். அஸ்திப் பானையைச் சொந்தக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கம்பளியை நான் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்திருந்தேன். அப்படியும் உப்பு பூத்திருந்தது. அவர் அதை மடியில் விரித்துப் பார்த்தார். முழுக்கப் பார்த்தார், தலை நுழைகிற வாய், நாலு ஓரம், இரண்டு பட்டை. ஒரு பக்கம் நூல் அறுந்து தொங்கியது. மறுபக்கம் என் தையல் அப்படியே இருந்தது. கம்பளியில் எங்கும் ஒரு கிழிசல் இல்லை.

"சொன்ன மாதிரியே கொண்டாந்துட்டீங்க" என்றார்.

நான் நின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்திருந்தேன்.

"அன்னிக்கி இதப் போட்டிருந்தானா தம்பி?"

ஹவில்தார் என்னைப் பார்த்தார். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுபக்கத் தையலை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றேன். "அன்னிக்கிப் போடல. கரையிலயே வெச்சிட்டுப் போயிட்டான்."

அவர் கை நின்றது. கம்பளியை மடித்து மார்போடு வைத்துக்கொண்டார்.

"அப்போ குளுந்திருக்குமே அவனுக்கு" என்றார்.

ஓசூரில் ஃபாக்டரிகள் வந்து, நான் வேலைக்குச் சேர்ந்து, உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்ட பிறகும், வருஷத்துக்கு ஒருமுறையாவது அந்த ஊருக்குப் போய்வந்தேன். எங்கே போகிறீர்கள் என்று நீங்கள் கேட்டதற்குப் பழைய சிநேகிதன் வீடு என்று சொல்லியிருக்கிறேன். போகும்போதெல்லாம் அந்த அம்மா களி போடுவார். மழைக்காலமானால் அந்தக் கம்பளியைத்தான் போர்த்தியிருப்பார். இரண்டு பக்கமும் என் ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரியும். கிளம்பும்போது வாசல்வரை வந்து ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வார். குளுருன்னு தெரிஞ்சும் இதக் கரையில வெச்சிட்டுப் போயிட்டானே தம்பி, நீங்களாவது எடுத்துப் போட்டுக்கடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா என்பார்.

சொல்லியிருக்கணும்மா என்பேன்.